கணையத்தின் வேலை

எங்கள் வீட்டில் காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை மேடம். அவளுக்குத்தான் ஆகாது, எனக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் கல்யாணமான வாரமே நானும் விட்டுவிட்டேன். நீங்கள் கொடுத்த இந்தக் காபி எனக்குப் பாயசம் மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம்.

என் மனைவி ஜாஸ்லினுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சுகர். பெரியவர்களுக்கு வருகிற, மாத்திரைக்கு அடங்குகிற சுகர் அல்ல. உடம்பு இன்சுலினையே சுரக்காது. ஊசி இல்லாவிட்டால் உயிர் இல்லை. பெண் பார்க்க அரியாங்குப்பம் போன அன்றே அவள் அம்மா ரோசா இதை மறைக்காமல் சொன்னார். முன்னால் வந்தவர்கள் இதைக் கேட்டதும் பஜ்ஜியை முழுங்கிவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறார்கள். நான் சரி என்றேன். கல்யாணப் பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார், மரிய அருணுக்குப் பெரிய மனசு என்று. கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெரிய மனசை இத்தனை வருடமும் சுமந்தவன் நான். அதை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

டாக்டரிடம் கேட்டுக் கேட்டு எல்லாம் கற்றுக்கொண்டேன். சோறு வயிற்றில் கரைந்து சர்க்கரையாக ரத்தத்துக்கு வருகிறது. அது செல்லுக்குள் போனால்தான் உடம்புக்குத் தெம்பு. கதவைத் திறந்துவிடுவது இன்சுலின். நல்ல உடம்பில் கணையம் எந்நேரமும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஏறினால் சுரக்கிறது, இறங்கினால் நிறுத்திக்கொள்கிறது, சத்தமே இல்லை. அவளுக்கு அது வேலை செய்யவில்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். விரலில் குத்திப் பார்ப்பது நான், பேனா ஊசியில் அளவைத் திருகி வைப்பது நான், எத்தனை இட்லி என்று சொல்வது நான். டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதுகூட, வேர்த்திருக்கிறதா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சிரிப்பாள். "உள்ள இருக்கறது போனா என்ன, நீங்கதான் என்னோட பேங்க்ரியாஸ்" என்பாள். அதைக் கேட்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் கெட்டுப்போனது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கிற பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே கூட வேலை பார்க்கும் சிந்துஜா என்ற பெண்ணின் பேச்சைக் கேட்டு, கையில் ஒட்டிக்கொள்கிற சென்சார் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாள். போனை எடுத்துப் பார்த்தால் சுகர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். குத்தவும் வேண்டாம், என்னைக் கேட்கவும் வேண்டாம். அவளே பார்த்தாள், அவளே ஊசி போட்டாள், இஷ்டத்துக்குத் தின்றாள். ஒருநாள் சாப்பிடும்போது என் கையைத் தள்ளிவிட்டு, "எனக்குத் தெரியும், விடுங்க" என்றாள்.

நான் கோபக்காரன் இல்லை. எழுந்து போய், அவள் கையைப் பிடித்து, அதைப் பிய்த்து எடுத்தேன். தோலுக்குள் மெல்லிய இழை ஒன்று போயிருக்கும். அது வரும்போது கொஞ்சம் ரத்தம் வந்தது. அவள் கத்தியதால் வாயைப் பொத்த வேண்டியதாயிற்று. பொத்திய வேகத்தில் உதடு கிழிந்தது. ஐஸ் வைத்துவிட்டதும் நான்தான்.

எனக்கு ஃபிரிட்ஜ், ஏசி விற்கும் கடையில் மேலாளர் வேலை. எங்கள் மூலக்குளத்து வீட்டுக்குப் பூட்டு வைத்த ஃபிரிட்ஜாகப் பார்த்து நானே எடுத்தேன். இன்சுலின் அதற்குள்தான் இருக்கும். அன்றிலிருந்து சாவி என் சட்டைப் பையில், ஜெபமாலையோடு. ஊசி வேளைக்கு அவள் கேட்பாள், திறப்பேன். எதிர்த்துப் பேசினால் கொஞ்சம் தாமதமாகத் திறப்பேன். மன்னிப்புக் கேட்டால் உடனே. பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைப்பதில்லையா, அந்த மாதிரிதான். தாமதமானால் நாக்கு வறண்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்து, கால் துவண்டு வந்து நிற்பாள். அப்போது மரியாதையாகப் பேசுவாள்.

ஒருமுறை சாவியைப் பிடுங்க வந்தாள். மணிக்கட்டைத் திருகினேன், முறிந்தது. சுகர் இறங்கி மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். புருவத்தில் தையல் போட்டபோதும் அதையேதான் சொன்னேன். ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. சுகர்காரி என்றால் விழத்தானே செய்வாள். நர்ஸ் அவளைத்தான் திட்டினார். "வேளைக்குச் சாப்புட மாட்டியாம்மா? பாவம் அந்த மனுசன்."

கைக்கட்டோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் சண்டைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக அரியாங்குப்பம் போய் அழுதேன். அழுகை உண்மையானதுதான். ரோசாம்மா மகளிடம் சொன்னதை நானே காதால் கேட்டேன். "தெரிஞ்சே கட்டிக்கினவருடி. ஒன்ன வேற எவன்டி வச்சிக் காப்பாத்துவான்? கெளம்பு." என்னிடம், "மாப்ள, அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். நீங்கதான் பொறுத்துப் போவணும்" என்றார். பொறுத்துத்தான் போனேன். வண்டியில் வரும்போது ஜாஸ்லின் என் தோளைப் பிடிக்கவே இல்லை.

போன வாரம் அவள் சொன்னாள். "கம்பெனி பக்கத்துலயே ஹாஸ்டல் பாத்துட்டேன். நாளைக்குப் போறேன். சாவிய நீங்களே வச்சிக்கங்க." சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை மேடம். காய் வாங்கப் போகிறவள் மாதிரிச் சொன்னாள். அவள் போய்விட்டால் அப்புறம் நான் யார்?

கைப்பையில் ஒளித்து வைத்திருந்த ஊசிப் பேனாவைத் தரையில் போட்டு மிதித்தேன். இன்சுலினுக்கு ஆஸ்பத்திரி வாசனை உண்டு. அறை முழுக்க அடித்தது. அவள் என் மேல் பாய்ந்தாள். தலைமுடியைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் மோதினேன். அடங்கவில்லை, மறுபடியும் மோதினேன். பிறகு போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கடைக்கு லீவு சொன்னேன். ஒரு மன்னிப்பு, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

என்ன நடக்கும் என்பது எனக்கு அத்துப்படி. இன்சுலின் இல்லையென்றால் ரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாக ஓடும், உள்ளே போக வழி இருக்காது. பட்டினி என்று நினைத்து உடம்பு தன் கொழுப்பையே கரைக்கும், ரத்தம் அமிலமாகும். முதலில் தாகம். கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் வாந்தி. நானே துடைத்தேன். அப்புறம் மூச்சு, மாடிப்படி ஏறி வந்தவளைப் போல ஆழமாக, வேகமாக. அதில் அழுகிய பழ நாற்றம்.

மறுநாள் சிந்துஜா வந்தாள். கம்பெனி ஃபிரிட்ஜில் ஜாஸ்லின் இன்னொரு பேனா வைத்திருந்திருக்கிறாள். அதை ஐஸ் போட்ட டிபன் பாக்சில் வைத்து எடுத்துக்கொண்டு கேட்டில் நின்றாள். "ஒடம்பு முடியலியாண்ணா? போனே எடுக்கல. இத அவகிட்ட குடுத்துடுங்க." தூங்குகிறாள் என்றேன். டிபன் பாக்ஸை வாங்கி, நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டினேன். வெளியில் வைத்தால் கெட்டுவிடும் அல்லவா. நேற்று நீங்கள் பூட்டைத் திறந்து எடுத்தது அதைத்தான். தூக்கிப் போட்டிருந்தால் உங்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. மருந்தை வீணாக்க எனக்கு மனசு வராது.

சாயங்காலம் அவள் வாய் திறந்தாள். "தப்புதாங்க. ஊசி போடுங்க" என்றாள். கண் திறக்கவில்லை. சாவியை எடுத்துவிட்டேன், எழுந்தும்விட்டேன். ஆனால் அந்தக் குரலில் மனசு இல்லை மேடம். உயிருக்குப் பயந்து சொன்ன மாதிரி இருந்தது. "இன்னொரு தரம், மனசார சொல்லு" என்றேன். திரும்ப உட்கார்ந்து காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றுவிட்டது.

நெற்றிக் காயத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், சுகர் இறங்கி விழுந்தாள் என்ற வழக்கமான பதிலையே சொன்னேன். அடக்கத்தன்று ரோசாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணுக்குக் குடுத்து வச்சது அவ்ளோதான் மாப்ள. நீங்க எதாச்சும் சாப்புடுங்க" என்று அழுதார். சிந்துஜா மட்டும் அழவில்லை. எல்லோர் முன்னாலும், "நான் குடுத்த பேனாவ போட்டீங்களாண்ணா?" என்று கேட்டாள். அவள் கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். மருந்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, என்ன ஆகும் என்று தெரிந்தே கொன்றேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அந்த நாற்றத்தில் பெற்ற தாய்கூட அறையை விட்டு ஓடியிருப்பாள். நான் கடைசி மூச்சு வரைக்கும் அவள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன்.