முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

அதான் சொன்னேனே தம்பி, எங்க வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காரு. லிஃப்ட் மாட்டுற வேலை. பெரிய கட்டடம், எப்ப முடியும்னு தெரியாது. செருப்பா? அது பழசு. நல்ல செருப்பப் போட்டுட்டுப் போயிருக்காரு. சரி, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். துணி மூட்டையத் தள்ளிட்டு நாற்காலில உக்காருங்க. நான் தேச்சுக்கிட்டே பேசுறேன், தப்பா நெனைக்காதீங்க. சாயந்தரம் துணிக்கு ஆள் வந்துடும்.

ஆஸ்பத்திரியில இருந்து நேரா வர்றீங்களா? சட்டையப் பாத்தாலே தெரியுது. வராந்தாவுல படுத்து எந்திரிச்ச சட்டை. கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு? ஐயோ, அவ்வளவுதானா. இன்னும் கண்ணே தொறக்கலையா அந்தப் பொண்ணு? ஆமா, டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, பாக்கலாம்னு. பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு நமக்கும் தெரியும். ஆனா மேல கேக்க மாட்டோம்.

இங்க வரச் சொல்லி யார் சொன்னது? அந்த ஆம்புலன்ஸ் டிரைவரா? சரிதான். அவர் எங்க சபைதான், வீட்டுக்காரர் ஊர்லேந்து திரும்பியிருப்பாருன்னு நெனைச்சிருப்பாரு. அவர் சொன்னா எல்லாம் நேர்ல பாத்த மாதிரி இருக்கும். பாத்தவர்தான், இல்லன்னு சொல்லல. அன்னைக்கு மொதல்ல கைதட்டினதே அவருதான்.

அந்தச் சத்தமா? பக்கத்து வீடு. ஆணி அடிக்கிறாங்க.

எங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு தொண்டை தம்பி. லிஃப்ட் குழிக்குள்ள நின்னு கத்தினா மொட்டை மாடியில நிக்கிற ஆளுக்குக் கேக்கும். சபையில அவர் பாட ஆரம்பிச்சா மைக்க அணைச்சுடுவாங்க. ஊரையே மேல ஏத்திவிட்டீங்க, எங்கள மட்டும் தரைத்தளத்துலயே வெச்சுட்டீங்களேன்னு கிண்டல் பண்ணுவேன். உன் மூட்டு வலிக்காகத்தான்டின்னு சொல்லுவாரு. அந்தத் தொண்டையிலதான் கட்டி வந்துச்சு.

கட்டியக் கரைக்க ஆஸ்பத்திரியில கரண்டு வெச்சாங்க. கழுத்தெல்லாம் கறுத்துப்போச்சு. எல்லாம் முடிச்சு, கொஞ்ச நாள் போகட்டும், ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்னாங்க. அதுவரைக்கும் சபையே எங்க வீட்டுலதான். ஜெபம், உபவாசம், ஆள் மாத்தி ஆள். என் அடுப்பக்கூட அவங்கதான் பத்தவெச்சாங்க. எனக்கு அப்ப பயமே தெரியல. பயப்பட வீட்டுல எடம் இருந்தாத்தானே.

அப்ப ஒரு வாரம் பாஸ்டர் பிரசங்கம் பண்ணாரு. கேட்டது கெடச்சுட்டதா நம்பி முன்கூட்டியே நன்றி ஸ்தோத்திரம் சொல்லணும், அதுதான் விசுவாசம்னு. வேதத்துல இருக்கறதுதான், அவர் ஒண்ணும் புதுசா சொல்லல. அடுத்த ஞாயித்துக்கிழமை, சாட்சி சொல்ற நேரம். இவர் எந்திரிச்சு நிக்கிறாரு. இதோ, இப்பத் தேச்சுக்கிட்டு இருக்கேனே, இந்தச் சட்டைதான். கர்த்தர் எனக்குச் சுகம் குடுத்துட்டாருன்னு சொல்றாரு. நான் சட்டை நுனியப் புடிச்சு இழுக்கிறேன், உக்கார மாட்டேங்கிறாரு. கைதட்டுன்னா அப்படி ஒரு கைதட்டு. பாஸ்டர் அழுதுட்டாரு. வீட்டுக்கு வந்து, ஏங்க இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டேன். நம்பித்தானே சொன்னேன்னாரு. பொய் சொல்ற ஆள் இல்ல தம்பி. நெஜமாவே நம்பினாரு.

அதுக்கப்புறம்தான் ஸ்கேன் எடுத்தோம்.

தண்ணி போதுமா? இன்னும் கொஞ்சம் தரவா?

கட்டி போகலன்னு பாஸ்டர்கிட்டயாவது சொல்லிடலாம்ங்கன்னு கெஞ்சினேன். கேக்கல. கைதட்டினவங்க எல்லாம் என்ன நெனைப்பாங்க, கர்த்தர் பேரு கெட்டுடும், கொஞ்சம் பொறு, அவர் செய்வாருன்னு ஒரே பிடிவாதம். கர்த்தருக்கே காவலுக்கு நின்ன மனுஷன். அவருக்கு எதுக்குங்க வாட்ச்மேன்னு கேட்டா சிரிப்பாரு. சிரிச்சா வலிக்கும், நிறுத்திக்குவாரு.

அப்புறம் ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க, உங்கள மாதிரி. சுகமானவர் கை வெச்சு ஜெபிச்சா சுகமாகும்னு. இவர் யாரையும் திருப்பி அனுப்பல. ஒரு கைக்குழந்தை, ஓயாம வலிப்பு வரும். இவர் கை வெச்சாரு. கொஞ்ச நாள் கழிச்சு அந்தக் குழந்தையோட அம்மா வந்து, இப்ப வர்றதே இல்ல அண்ணேன்னு சிரிக்கிறா. இவருக்கு சந்தோஷத்துல கண்ணுல தண்ணி. நான் சமையக்கட்டுக்குப் போய் பாத்திரத்த டமார்னு போட்டேன். அந்தப் பொண்ணு மேல இல்ல கோபம். அதே கையத்தானே ராத்திரி பகலா தன் தொண்டையில வெச்சுக்கிட்டு ஜெபிக்கிறாரு, அது மட்டும் உனக்கு எப்படிக் கேக்காமப் போச்சுன்னு கர்த்தர்கிட்டத்தான் சண்டை.

இல்ல, ஜெபத்த விடல. எங்க போறது விட்டுட்டு? பெருசா கேக்குறத நிறுத்திட்டேன், அவ்வளவுதான். ரெண்டு ஸ்பூன் பால் உள்ள எறங்கணும்னு கேப்பேன். எறங்கும். ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு வாயத் தொடச்சு விடுவேன். இன்னைக்கு எறங்கல. நாளைக்குக் கேக்கணும்.

தட்டிக்கிட்டேதான் இருக்காங்க, இல்ல?

அது ஆணி இல்ல தம்பி. நீங்களும் நம்பலன்னு தெரியும். கட்டில் கம்பியில ஸ்பேனரால தட்டுறாரு. குரல் சுத்தமாப் போயிடுச்சு. தண்ணி வேணும்னா ஒரு மாதிரி தட்டுவாரு, திருப்பிப் படுக்க வைக்கணும்னா ஒரு மாதிரி. இது கோபத் தட்டு. நீங்க வாசல்ல நின்னு பேசினதக் கேட்டிருக்காரு, தொண்டைதான் போச்சு, காது நல்லா இருக்கு. வந்தவர உள்ள விடாம நான் கதை அளந்துக்கிட்டு இருக்கேன்னு கோபம். சபையில கேட்டாலும் வெளியூர்னுதான் சொல்லுவேன். எத்தன மாடிக் கட்டடம்னு கேப்பாங்க. பெருசுதான்னு சொல்லி வெப்பேன்.

போறதுன்னா போங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். சுகமானவரப் பாக்கத்தானே வந்தீங்க. உங்களுக்கு இருந்தது இந்த ஒரு நம்பிக்கை, அதையும் நானே கெடுத்துட்டேன்.

போகலையா.

அப்ப அந்தச் சட்டையக் கழட்டுங்க. கழட்டுங்க, நான் உங்க அம்மா மாதிரி, என்ன கூச்சம். அந்தப் பொண்ணு கண்ணு தொறந்ததும் மொதல்ல பாக்குறது இந்தக் கசங்கின சட்டையாவா இருக்கணும்? நான் தேச்சுத் தரேன். அதுவரைக்கும் இவர் சட்டையப் போட்டுக்கோங்க. வாராவாரம் தேச்சு மாட்டி வெப்பேன், இந்த ஞாயித்துக்கிழமை சபைக்குப் போயிடலாம்னு கையக் காட்டுவாரு. கொஞ்சம் பெருசா இருக்கும். இவருக்கும் இப்ப பெருசாத்தான் இருக்கு.

அவர் உங்க வீட்டம்மாவுக்காக ஜெபம் பண்ணுவாரு. சத்தம் வராது, உதடுதான் அசையும். நீங்க பாட்டுக்குக் கண்ண மூடிக்கோங்க.

ஒண்ணு கேக்கலாமா தம்பி? முடியலன்னா வேணாம். அன்னைக்குக் கைதட்டினாங்கல்ல, அதோட சரி, அதுக்கப்புறம் இவருக்காக யாரும் ஜெபம் பண்ணல. தப்பு சொல்லல, சுகமானவருக்கு யார் பண்ணுவா? நான் பண்றேன். என் குரல் அவருக்குப் பழகிப்போச்சு, கர்த்தருக்கும்தான். வேற ஒருத்தர் வாயால இவருக்காகக் கேட்டு ரொம்ப நாளாச்சு. உங்களுக்குப் பெருசா பேசத் தெரியலன்னாலும் பரவால்ல. பேரெல்லாம் வேணாம். இந்த லிஃப்ட்காரர்னு சொல்லுங்க, கர்த்தருக்குத் தெரியும்.

கதவ மெதுவாத் தள்ளுங்க, கீச்சுன்னும். ஜன்னல் பக்கம் நிக்காதீங்க, உங்க மூஞ்சி அவருக்குத் தெரியணும். ஆங், அங்கதான். கை தொண்டையில வேணாம், வலிக்கும். நெத்தியில வைங்க. அவரும் உங்க மேல கை வெக்கப் பாக்குறாரு பாருங்க, எட்டல. கொஞ்சம் குனிங்க.

இருங்க, ஆரம்பிச்சுடாதீங்க. அயர்ன் பாக்ஸ் பிளக்கப் புடுங்கிட்டு வந்துடறேன்.