முனியப்பன் தலையில் அம்புக்குறி

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தருமபுரி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவர் சொன்னார்:

“எங்க காட்டு முனியப்பன் வெள்ளைக்காரன் நட்ட கல்லாம்க்கா!”

“கன்னத்துல போட்டுக்கடி மொதல்ல.”

“நெசமாத்தாங்க்கா. கெணறு அவுங்க காட்டுல இருக்குதுன்னு பங்காளிங்க மல்லுக்கு நின்னாங்கல்ல? நேத்து அளக்க வந்த சர்வேயர் எல்லைக்கல்லே காணோம்னுட்டாரு. அப்புறம் முனியப்பன்கிட்ட வந்து நின்னவரு, மஞ்சளைக் கழுவச் சொன்னாரு. கழுவுனா தலையில அம்புக்குறி! வெள்ளைக்காரன் காலத்து சர்வே கல்லாம்.”

“அப்ப கெணறு?”

“எங்களுதுதான்! அந்தக் கல்லுலருந்து அளந்து காட்டிட்டாரு. நேத்துதான் நிம்மதியாத் தூங்குனேன்.”

மூத்தவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“நாட்டு எல்லையே அவன் கிழிச்ச கோடுதான். உங்க காட்டுக்கு மட்டும் வேறயா? ஆமா, இனிமே அந்தக் கல்லுக்குக் கோழி அறுப்பீங்களா?”

“அறுக்காம? மத்த கல்லையெல்லாம் எவனோ புடுங்கிட்டான். சாமின்னு பயந்து இதை மட்டும் ஒருத்தனும் தொடல. நட்டவன் கப்பலேறிப் போயிட்டான். காத்து நின்னவருக்குத்தானேக்கா கோழி?”