சுவரடிக் கீரை

ஹலோ... ஓம் சம்பந்தி, நான்தான் ஞானமலர், ஹம்மிலயிருந்து. ஆஸ்பத்திரியிலயோ நிக்கிறியள்?... ஓம், ஓம். நிலக்சி படுத்திருக்கிறாளோ... படுக்கட்டும், எழுப்பாதேங்கோ. என்ர மகளோட இல்லை, உங்களோடதான் கதைக்க எடுத்தனான். பேரன் என்ன செய்யிறார்?... மூக்கு மருமகன் அனுஜன்ர மூக்கோ... ஓம், ஓம், உங்கட பக்கம்தான். நான் ஏன் மறுக்கிறன்.

...ஓம், நாளைக்கு விடுவினம் எண்டு தெரியும். அதுதான்... இல்லை, கார் ஓடுது. என்ர குரலுக்கு என்ன?... ஒண்டுமில்லை.

சரி, சொல்லத்தான் வேணும். நான் உங்களிட்ட ஒரு பெரிய கதை கதைச்சனான், நினைவிருக்கோ? முதல் பிள்ளை, துடக்கு முப்பத்தொண்டு நாளும் தாய் வீட்டிலதான் கழிக்கோணும், வுப்பர்டாலில உங்கட வீட்டுக்கு வெயில் எங்க வாறது, எங்கட தெற்குப் பக்க அறை எண்டா நல்ல வெக்கை எண்டு... சொல்லுக்குச் சொல் நினைவிருக்கோ. அதுசரி, நானெண்டாலும் மறக்கமாட்டன்.

அந்த அறைச் சுவர் ஊறிப்போச்சு சம்பந்தி... ஈரம். தொட்டில் வைக்க இடம் வேணுமெண்டு அலுமாரியை இழுத்தா, பின்னால சுவர்க்கடதாசி கழண்டு வருது. கறுப்பாப் பூஞ்சணம். மணமெண்டா அப்பிடியொரு மணம்... இல்லை, குழாய் உடையேல்லை... கட்டினவங்களைத் திட்டாதேங்கோ, பாவங்கள். செய்தது நான்... ஓம், நானேதான். என்ர கீரையால... நீங்கள் ருசியெண்டு ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்ட அதே கீரைதான்.

கேளுங்கோ. வெளிச்சுவர் பூசேக்க, அடியில முழங்காலளவுக்குச் சாம்பல் நிறத்தில வேற பூச்சுப் பூசினவங்கள், தண்ணி ஏறாமல். ஸொக்கெல் எண்டுவாங்கள். வெள்ளைப் பூச்சு அதுக்கு மேலதான். அதில மண் முட்டக் கூடாது. சுவரோட நீளத்துக்குக் கூழாங்கல்லும் கொட்டிவிட்டவங்கள், மழைத்தண்ணி வடிஞ்சு போக... ஓம், எல்லா வீட்டுக்கும் இருக்கும். எனக்கு மட்டும் அது கண்ணில குத்திச்சு. சேத்துக்குள்ள நடந்து வந்த வெள்ளை வேட்டி மாதிரி ஒரு வீடு, முன்னால கண்டறியாத கல்லு. ஊன்ட்றொப் கோயில் தேருக்கு வாற சனம் பாத்தா என்ன சொல்லும்.

கல்லை அள்ளினன். மண்ணைச் சுவரோட அணைச்சு, சாம்பல் தெரியாத அளவுக்கு மேடு கட்டினன். வெயில் சுவர்தானே, கீரையும் மிளகாயும் ஊரில மாதிரி வந்துது. விடியவும் பின்னேரமும் தண்ணி விட்டன். செடி குடிக்குது எண்டு நான் நினைக்க, சுவரும் சேந்து குடிச்சிருக்கு... இவரோ? இவர் சொன்னவர். "மலர், உது சரியில்லை" எண்டு. கலியாணம் கட்டின நாளில இருந்து அந்தாள் ஒரேயொரு தரம்தான் சரியாச் சொன்னது, அதையும் நான் கேக்கேல்லை.

...சிரிக்கிறியள் என்ன. சிரியுங்கோ. நுணலும் தன் வாயால் கெடும் எண்டுவினம். நான் வாயாலயும் கெட்டன், கையாலயும் கெட்டன்.

...திருத்தலாம். மண்ணைத் தள்ளி, ஊதின பூச்சைக் கொத்தி, காயவிட்டு, திருப்பி அடியைப் பூசி, அதே கல்லைக் கொட்டோணும். ஆறு கிழமையெண்டாலும் செல்லுமாம்... கல்லோ? பக்கத்து வீட்டு யூலியாவுக்குக் குடுத்திட்டன். அவ தன்ர சுவரடியில கொட்டினவ. அவவின்ர வீடு நல்லாக் காஞ்சு கிடக்கு.

...மேல் அறைக்கு ஏத்தேலாது சம்பந்தி. வயித்தை வெட்டிப் பிள்ளை எடுத்தவள், எங்கட படி ஏற மாட்டாள். உங்கட வீட்டிலயெண்டா லிஃப்ட் இருக்கு... ஆர் அழுறது? பேரனோ?... தூக்காதேங்கோ, ஒருக்கால் போனைக் கிட்டப் பிடியுங்கோ.

...

என்ர குஞ்சு.

...சம்பந்தி, நாளைக்கு அவையளை உங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ... ஓம், முப்பத்தொண்டும் அங்கயே. நான் அழேல்லை... கொஞ்சம்தான். இந்த ஒரு மாதத்தைத்தானே நினைச்சுக்கொண்டிருந்தனான். அதை நானே தண்ணி ஊத்திக் கெடுத்துப்போட்டன்... இல்லை, நான் வரேல்லை. எந்த முகத்தோட வாறது? அதோட உங்களுக்குத் தெரியாத பிள்ளைப்பெத்த பத்தியமோ, நீங்களே பாப்பியள்.

...என்னது? தெரியாதோ? அப்ப அனுஜன் பிறக்கேக்க ஆர் பாத்தது?... அகதி முகாமிலயோ... ஆரும் இல்லையோ. ஒருத்தரும்?... நீங்களே எழும்பிச் சமைச்சனீங்களோ... எத்தினையாம் நாள்?... என்ர அம்மாளாச்சி.

...

சம்பந்தி... வசுந்தரா, நான் வாறன்... நாளைக்கில்லை, இண்டைக்கே வாறன். இவர் கொண்டுவந்து விடுவார், மண் சுவரடியிலயே கிடக்கட்டும்... எனக்குக் கட்டில் வேண்டாம், குசினியில ஒரு பாய் காணும். மிளகு, மல்லி, வேர்க்கொம்பு எல்லாம் நான் கொண்டுவாறன், நீங்கள் ஒண்டும் வாங்காதேங்கோ... ஏனோ? ரெண்டு பேருக்குச் சேத்து அரைக்கோணும்... நிலக்சிக்கும் உங்களுக்கும்... பிந்தினா என்ன, பத்தியம் பத்தியந்தான். பேசாமல் சாப்பிடோணும்... நீங்களும் அழாதேங்கோ, பிள்ளை எழும்பிடுவாள். வைக்கிறன்.