ஆறரை மணி நிகழ்ச்சியில் அழுத மனிதர்

— இடுப்பு வரைக்கும் வளர்த்து வெச்சுட்டு ஒட்ட வெட்டுங்கறியே, நல்லா யோசிச்சுக்கிட்டியா கண்ணு? கத்தரி பட்டப்புறம் கண்ணாடியைப் பார்த்து அழுதா இந்த நோலீன் பொறுப்பில்ல.

— அழமாட்டேன். காது தெரியற மாதிரி வெட்டிடுங்க. அப்புறம் கறுப்புச் சாயம்.

— கறுப்பா! தேன் நிறத்துல மின்னுது. இந்த நிறம் வேணும்னுதான் செடூனாவுல பாதிப் பொம்பளைங்க என் கடையில தவம் கிடக்கறாங்க. சரி, உன் தலை, உன் இஷ்டம். பேரு என்னன்னு சொன்னே?

— ராஸ்.

— ஊருக்குப் புதுசா, ராஸ்?

— இந்த வழியா போறேன். எஸ்பரன்ஸ்ல எங்க அண்ணன் இருக்கார். என்னைக் கூட்டிட்டுப் போக கார்ல வந்துக்கிட்டிருக்கார். அவர் வர்றதுக்குள்ள முடிஞ்சுடுமில்ல?

— வெட்டறதுக்கு என்ன, கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஆயிடும். சாயம் ஊறத்தான் நேரம் பிடிக்கும். அட, ஏன் எழுந்திருக்கறே?

— அந்த டிவியை அணைச்சுடலாமா? தலைவலி.

— சத்தமே வைக்கலியே. சரி சரி, அணைச்சுட்டேன், உட்காரு. சொல்லப்போனா எனக்கும் மனசு தாங்கல. நேத்து ஆறரை மணி நிகழ்ச்சியில போட்டதையே காலையில இருந்து திரும்பத் திரும்பப் போடறான். நீ பார்த்தியா? அடிலெய்டுக்காரி ஒருத்தி, ரெண்டு பசங்களை அம்போன்னு விட்டுட்டு ஓடிட்டாளே. டவீனா கெஸலோ என்னமோ பேரு.

— பார்க்கல.

— பார்த்திருந்தா அழுதிருப்பே. அந்த மனுஷன் சோபாவுல உட்கார்ந்திருக்கார், இந்தப் பக்கம் ஒரு பையன், அந்தப் பக்கம் ஒரு பையன். அவருக்கு கிரான்ட்டுன்னு பேரு. 'டவீனா, கோபம்னா என்னைத் திட்டு. பசங்க என்ன பாவம் பண்ணினாங்க? வீட்டுக்கு வந்துடு'ன்னார். அதுக்கு மேல பேச முடியல. அப்படியே உடைஞ்சு போயிட்டார். பேட்டி எடுத்தவளே கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

— அவ ஏன் போனான்னு யாராவது கேட்டாங்களா?

— கேக்காம விடுவாங்களா? மனநல டாக்டர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சிருந்தாங்க. 'சில பெண்களுக்குத் தாய்மையே பாரமாயிடுது'ன்னார். அவ போட்டோவை நீ பார்க்கணுமே! கையில ஒயின் கிளாஸ், தொடை தெரிய சிவப்பு கவுன், வாய் கொள்ளாத சிரிப்பு. சொல்லப்போனா, பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு எந்த மாதிரிப் பொம்பளைன்னு.

— ஒரே ஒரு போட்டோவுலயா?

— அதுதான் போதுமே. பெத்த பிள்ளைங்களோட எடுத்த படம் ஒண்ணுகூடவா இருக்காது?

— இருக்கும். எதை டிவிக்குக் கொடுக்கணும்னு முடிவு பண்றது அவர்தானே.

— என்ன கண்ணு, வக்கீல் மாதிரி பேசறே. தலையைக் குனி. இன்னும் கொஞ்சம். ஐயோ, இது என்ன? காதுக்குப் பின்னால இவ்வளவு நீளமா தழும்பு! தையல் போட்டாங்களா?

— சின்ன வயசுல ஊஞ்சல்ல இருந்து விழுந்துட்டேன்.

— அதுக்குப் பக்கத்துல ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லியே.

— எப்பவுமே அப்படித்தான்.

— நீள முடியா இருந்ததால வெளியில தெரியாம இருந்திருக்கு. இப்ப ஒட்ட வெட்டினா தெரியுமே, பரவாயில்லியா?

— தெரிஞ்சா தெரியட்டும்.

— ம். என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், அந்த மனுஷன். காலையில எழுந்து பசங்களுக்கு ஸ்கூலுக்கு சாண்ட்விச் கட்டறதைக் காட்டினாங்க. ரொட்டியில வெஜிமைட் தடவி, ஓரத்தையெல்லாம் பக்குவமா வெட்டி எடுத்து, டப்பாவுல வெச்சு. எந்த ஆம்பளை இப்படிச் செய்வான், சொல்லு?

— சின்னவன் ஓரத்தைத்தான் முதல்ல தின்பான்.

— என்ன சொன்னே?

— ஓரம் இல்லாத ரொட்டியை அவன் தொடமாட்டான். வெஜிமைட் வாசனையே அவனுக்கு ஆகாது. அவருக்கு எங்கே தெரியப் போகுது? ரொட்டி எந்த அலமாரியில இருக்குன்னே அவருக்குத் தெரியாது. கேமராக்காரங்கதான் தேடி எடுத்துக் கொடுத்திருப்பாங்க.

— உனக்கு எப்படி...

— வெட்டுங்க, நோலீன். கையை நிறுத்தாதீங்க.

— நிமிர்ந்து கண்ணாடியைப் பாரு. என்னைப் பாரு கண்ணு. கடவுளே! நீ ராஸ் இல்ல.

— அந்தச் சிவப்பு கவுன் எங்க அக்காவோடது. கடன் வாங்கிப் போட்டுக்கிட்டேன். பசங்க பிறக்கறதுக்கு ரொம்ப முந்தி, ஒரு சிநேகிதி கல்யாணத்துல எடுத்த படம். எங்க ஃப்ரிட்ஜ் கதவுல வேற படம் ஒண்ணு ஒட்டியிருக்கும். ஸ்கூல் விளையாட்டுப் போட்டியில சின்னவனை முதுகுல தூக்கிக்கிட்டு நான் ஓடறது. கேமரா வர்றதுக்கு முன்னாடி அதைக் கிழிச்சு எடுத்திருப்பார்.

— இரு, கத்தரியைக் கீழ வெச்சுடறேன்.

— பாதித் தலையோட நான் எங்கே போறது? அண்ணன் வர்ற வரைக்கும் யார் கண்ணுலயும் படாம இருக்கணும். காலையில பெட்ரோல் பங்க்குல ஒருத்தி என்னையே முறைச்சுப் பார்த்தா. கழிப்பறையில ஒளிஞ்சுக்கிட்டு இருந்துட்டு, இங்கே ஓடி வந்தேன்.

— நேத்து அந்த நிகழ்ச்சியோட இன்டர்நெட் பக்கத்துல நான் ஒண்ணு எழுதினேன்.

— யார்தான் எழுதல? ஆயிரக்கணக்குல இருந்துது. தங்கின இடத்துக் கம்ப்யூட்டர்ல பார்த்தேன், பாதிக்கு மேல படிக்க முடியல என்னால.

— என்னுதைப் படிச்சியா?

— எது உங்களுது?

— 'இவளை யாராவது முடியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அவர் காலடியில போடணும்'னு. காலையில எழுந்ததும் எத்தனை பேர் லைக் போட்டிருக்காங்கன்னு பார்த்தேன். சந்தோஷமா இருந்துது. காபி குடிச்சுக்கிட்டே பார்த்தேன், கண்ணு. இப்ப அந்த முடி என் கையில இருக்கு.

— அதெல்லாம் எப்பவோ நடந்து முடிஞ்சாச்சு, நோலீன். குளியலறையில இருந்து சமையலறை வரைக்கும் இழுத்துட்டுப் போனார். அந்த இடத்துல முடி ஏன் இல்லன்னு கேட்டீங்களே.

— ஐயோ! பசங்க?

— பசங்க அன்னைக்கு அவர் அம்மா வீட்ல. அவர்தான் கொண்டுபோய் விட்டார். 'உன்னால என்ன பண்ண முடியும், பசங்களை விட்டுட்டுப் போயிடுவியா?'ன்னு சிரிச்சார். அன்னைக்குப் போகலன்னா எப்பவுமே போயிருக்க மாட்டேன். உயிரோட இருந்தாத்தானே பசங்களைக் கேட்டு வாங்க முடியும்? நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்து போலீஸுக்கு.

— போலீஸுக்குத் தெரியுமா? அப்புறம் எப்படி அவர் டிவியில வந்து உட்கார்ந்திருக்கார்?

— அவர் என்கிட்ட வரக்கூடாது, என்னைத் தேடக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்கு. பசங்களை என்கிட்ட கொடுக்கச் சொல்லி வக்கீல் மனுவும் போட்டாச்சு. அந்தத் தாக்கீது கைக்குப் போன உடனேதான் அவர் டிவிக்காரங்ககிட்ட போனார். தான் தேடினா குத்தம். அதான் ஊரையே தேட விட்டுட்டார்.

— அந்த நிகழ்ச்சிக்காரங்களுக்கு இதெல்லாம் தெரியாதா?

— நானே ஃபோன் பண்ணிச் சொன்னேன். பேட்டி எடுத்தாங்களே, அந்தம்மாதான் பேசினாங்க. ரொம்பத் தன்மையா. 'நீங்களும் வாங்க, ரெண்டு பேரையும் எதிரும் புதிருமா உட்கார வைக்கறோம், மக்கள் தீர்மானிக்கட்டும்'னாங்க.

— தூ! அவளைப் பார்த்து நானும் அழுதேனே. இந்தா, தண்ணி குடி. வாசல் கதவைப் பூட்டிட்டு வர்றேன். இன்னைக்குக் கடை இல்ல. யார் வந்து தட்டினாலும் தட்டட்டும்.

— சாயம்?

— போடறேன். நானே போடறேன். கண்ணு, ஒண்ணு கேக்கட்டுமா? உன் அம்மாவுக்கு இது தெரியுமா? அடிக்கறது?

— தெரியாது. தலையைத் தொட விடமாட்டேன். வலிக்குதுன்னு தெரிஞ்சுடுமில்ல? வெயில் காலத்துலயும் தொப்பி போட்டுக்குவேன். என்னாச்சு? ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நோலீன், ஃபோனை ஏன் எடுக்கறீங்க?

— உட்காரு.

— அந்த நிகழ்ச்சிக்கா? வேண்டாம், கும்பிட்டுக் கேக்கறேன். நான் இப்படியே போயிடறேன். பின்வாசல் வழியா போயிடறேன்.

— அவங்களுக்கு இல்ல. என் பொண்ணுக்கு. வயாலாவுல இருக்கா, டாரின். பிறந்ததுல இருந்து அவ முடியில என் கையைத் தவிர வேற கை பட்டதில்ல. கல்யாணம் ஆனதுக்கப்புறம் என்னைத் தொட விடமாட்டேங்கறா. கிறிஸ்துமஸுக்கு வந்தப்போ அந்த வெயில்ல தொப்பியோட சாப்பிட்டா. 'தொப்பியைக் கழட்டு, நுனியையாவது வெட்டி விடறேன்'னேன். 'இருக்கட்டும்மா'ன்னா. பணக்காரக் கடை எதுக்கோ போறா போலன்னு நினைச்சு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன் நான்.

— அவ புருஷன் எப்படி?

— பிராடி? தங்கமான பையன். பூங்கொத்து இல்லாம என் வாசப்படி ஏறமாட்டான். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கடவுளே, உன் புருஷனையும் எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க!

— கூப்பிடுங்க. முதல்ல கூப்பிடுங்க.

— நேத்து அந்த நிகழ்ச்சி ஓடிக்கிட்டிருக்கும்போதே அவ கூப்பிட்டா. 'அம்மா, நான் அங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?'ன்னா. நான் அழுதுக்கிட்டு இருந்தேன், அந்த மனுஷனுக்காக. 'டிவியைப் போட்டுப் பாரு, குடும்பத்தை விட்டு ஓடினவ கதி என்னன்னு தெரியும். இவளை மாதிரி வந்து நின்னா கதவைத் திறக்கமாட்டேன்'னு சொன்னேன்.

— அவ என்ன சொன்னா?

— 'சரிம்மா'ன்னா. அவ்வளவுதான். மணி அடிக்குது. எடும்மா. எடு, டாரின். ஹலோ! யாரு, பிராடியா? அவ ஃபோனை நீ ஏன்ப்பா எடுக்கறே?

— என்ன சொல்றார்?

— இரு.

— நோலீன், என்ன சொல்றார்?

— அழறான். அவனுக்குக் கேக்காம ஃபோனைப் பொத்திக்கிட்டிருக்கேன். விடியறதுக்குள்ள எழுந்து எங்கேயோ போயிட்டாளாம். ஃபோனை மேஜை மேலயே வெச்சுட்டு.

— நானும் அப்படித்தான் வெச்சுட்டு வந்தேன். கையில இருந்தா இருக்கற இடம் தெரிஞ்சுடும். தப்பிச்சிருக்கா, நோலீன். பயப்படாதீங்க. உங்ககிட்டதான் வருவா.

— எப்படி வருவா? கதவைத் திறக்கமாட்டேன்னு சொன்னவ நான்தானே.

— அப்போ நாம போய்த் தேடுவோம். அண்ணன் கார் வந்துடும். பிராடிகிட்ட மட்டும் எதையும் சொல்லிடாதீங்க. அழறதை நம்பாதீங்க.

— இரு, இன்னும் என்னமோ கேக்கறான். என்னப்பா? திரும்பச் சொல்லு.

— என்ன கேக்கறார்?

— டாரினோட போட்டோ ஒண்ணு அனுப்பச் சொல்றான், கண்ணு. ஆறரை மணி நிகழ்ச்சிக்காரங்க கேட்டிருக்காங்களாம்.