ஏழு பேர் வேலை செய்த ஓட்டல்

ஓட்டல் நடத்துகிறவனுக்கு நல்ல மாஸ்டர் கிடைப்பது சுலபம். சம்பளக் கணக்கு எழுத நல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். சாம்பாரில் உப்பு கூடினால் அந்த வேளையோடு போயிற்று. சம்பளப் பதிவேட்டில் ஒரு பெயர் கூடினால் ஓட்டலே போய்விடும். நடந்ததை நடந்தபடி எழுதித் தரும்படி ஐயா அவர்கள் சொன்னதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். நெய்வேலிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தேன். பெர்மனென்ட் ஆகும் ஆகும் என்று ஆறு வருஷம் காத்திருந்து, ஆகாது என்று தெரிந்ததும் என் மனைவி பார்வதியின் சங்கிலியை விற்று டவுன்ஷிப் மார்க்கெட்டில் இந்தக் கடையை எடுத்தேன். வருஷா வருஷம் உரிமம் புதுப்பிக்க வேண்டும். ஆட்கள் கணக்கில் குறை என்று லேபர் இன்ஸ்பெக்டர் மூன்று முறை எழுதினால் கடையைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று டவுன்ஷிப் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். எனக்கு இரண்டு முறை எழுதியாகிவிட்டது. பார்வதி பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்த சம்பளக் கணக்கை லேபர் இன்ஸ்பெக்டர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது என்ன, பால்காரி கணக்கா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடை போனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு எந்தத் தெருவில் போய் நிற்பது என்பது ஒன்றுதான் நினைப்பு. பயம் வந்தவனுக்குத் தூக்கம் ஏது.

அதனால் வெளி ஆளிடம் கணக்கைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு பேர் கிடைத்தார்கள். முதல் ஆள் சுப்பிரமணியன், கணக்கு ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கடைக்கு வந்தார், காப்பி குடித்தார், வேண்டாம் என்றாலும் கேட்காமல் காசு கொடுத்தார். பிறகு அடுக்களைக்குள் போய் ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

"பதிமூணு பேர் இருக்காங்க. பதிமூணு பேரையும் எழுதணும், பி.எஃப். கட்டணும். உள்ளதை உள்ளபடி எழுதினா நீங்க நிம்மதியா தூங்கலாம்" என்றார்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னபடி செய்தால் பொங்கலுக்குள் கடையை நானே சாத்த வேண்டும். நிம்மதியாகத் தூங்கலாம்தான், ஆனால் பிளாட்பாரத்தில்.

இரண்டாவது ஆள் வேணு. மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே தகர மேஜை போட்டுக்கொண்டு ஓட்டல்களுக்கும் சைக்கிள் கடைகளுக்கும் சம்பளப் பட்டியல் எழுதுகிறவன். அவன் கடைக்கு வரவே இல்லை. "எத்தினி பேரு வேணும்னு சொல்லுங்க மொதலாளி, அத்தினி பேரு இருப்பாங்க" என்றான். இன்ஸ்பெக்டர் வருகிற நாளையும் முன்கூட்டியே சொல்லி அனுப்புவானாம். மூன்று நாள் யோசித்தேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஏழு பேர் என்று வைத்துக்கொண்டோம். எந்த ஏழு என்பதை நான்தான் சொன்னேன். வாய் உள்ளவர்களை எழுதச் சொன்னேன். கேட்காதவர்களை விட்டேன். வடக்குத்து கிராமத்தில் இருந்து வருகிற கொளஞ்சியப்பன் ஆறு வருஷமாக எதையும் கேட்டதில்லை. இங்கே நெய்வேலியில் பாதி வீடுகளில் லெக்கோ அடுப்புதான், நிலக்கரியை வேகவைத்து உருட்டிய கட்டி. அதைப் பற்ற வைப்பதற்குள் மற்றவர்களுக்குத் தாவு தீர்ந்துவிடும். அவன் கைக்கு அரை மணியில் கங்கு சிவக்கும். நல்ல வேலைக்காரன். அவனைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் கிடையாது.

வேணுவின் ஏற்பாடு ஒன்றரை வருஷம் நன்றாகவே நடந்தது. சொல்லி அனுப்புவான்; பட்டியலில் இல்லாத ஆறு பேரும் பின்வாசல் வழியாகப் போய் அடுத்த பிளாக் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள்; ஜீப் போனதும் திரும்பி வருவார்கள். அதற்கு அவர்கள் "மேட்னி ஷோ" என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லோரும் சிரிப்போம்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து அடைமழை. ஜெனரல் ஷிப்ட் விடும் நேரத்துக்குப் பஜ்ஜி போட வேண்டும் என்று கொளஞ்சியப்பன் கொல்லையில் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு ஜீப் வந்துவிட்டது. வேணு சொல்லி அனுப்பவில்லை. மற்ற ஐந்து பேரும் மழைக்குள் ஓடிவிட்டார்கள். இவன் மட்டும் பற்றிய அடுப்பை விட்டுவிட்டு வர மனமில்லாமல் நின்றான். நான் அவனையும் அடுப்பையும் சேர்த்துச் சாமான் அறைக்குள் தள்ளினேன்.

"மொதலாளி, அடுப்பு எரிஞ்சிகினு இருக்குதுங்க. சன்னலுல சாக்கு அடிச்சி வச்சிருக்குது. மூச்சு முட்டுங்க" என்றான்.

"கால் மணிதாம்டே. சத்தம் காட்டாம இரு."

"சரிங்க" என்றான்.

திறந்திருக்கும் கதவை இன்ஸ்பெக்டர் தள்ளிப் பார்ப்பார் என்பதால் வெளியே பூட்டினேன். மூடிய அறையில் லெக்கோ அடுப்பு வைக்கக் கூடாது என்பது நெய்வேலியில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கால் மணி நேரம் என்றுதான் நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் மழை விடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு காப்பி குடித்தார். பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, ஆட்களை எண்ணி, ஏழு சரியாக இருக்கிறது என்றார். அப்போது அறைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

"அங்க என்ன?"

"பெருச்சாளி சார். மழைக்கு உள்ள வந்துரும்" என்றேன். சொல்லிக்கொண்டே போய் கிரைண்டரைப் போட்டுவிட்டேன்.

நாலரை மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரம். வேணு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. அவர் ஒரு காப்பியோடு எழுந்திருந்தாலும் நடந்திருக்காது.

ஆறரைக்குக் கதவைத் திறந்தேன். அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், முகம் நல்ல சிவப்பாக இருந்தது, உயிர் இல்லை. திருட வந்தவன் உள்ளே ஒளிந்திருக்கிறான், தெரியாமல் நான் பூட்டிவிட்டேன் என்று ஸ்டேஷனில் சொன்னேன். பதிவேட்டைக் காட்டினேன். வேணுவின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். பட்டியலில் இருந்த ஏழு பேரும் அவனைத் தெரியாது என்று சொன்னார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

மறுநாள் அவன் மனைவி மாரியம்மாள் வந்தாள். "ஆறு வருசமா இங்கதானங்க வேல செஞ்சிகினு இருந்தாரு. திருடன்னு மட்டும் எழுதாதீங்க. வூட்ல பொண்ணு கட்டிக்குடுக்க இருக்குதுங்க" என்றாள். நான் பதிவேட்டை விரித்து அவள் முன்னால் வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல அவரு எங்கங்க இருக்காரு?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அழவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து விரல் வைத்துப் பார்த்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

ஒளிந்திருந்த திருடன் அடுப்பை எதற்கு மூட்டினான் என்று ஸ்டேஷனில் ஐயா கேட்டீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்னொன்றும் கேட்டீர்கள். நாலரைக்கு ஜீப் போயிற்று, ஆறரைக்குத்தானே திறந்தாய், இடையில் என்ன செய்தாய் என்று.

பஜ்ஜி போட்டேன். ஷிப்ட் விட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள், கடையைச் சும்மா வைத்திருக்க முடியாது. அதோடு, நாலரைக்குத் திறந்து, அவனுக்கு உயிர் இருந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், எங்கே வேலை செய்கிறான் என்று கேட்டு எழுதுவார்கள். அங்கே எழுதுகிறவன் வேணு இல்லை. பிழைத்தவன் தன் வாயாலேயே சொல்லிவிடுவான். மூன்றாவது முறை எழுதினால் கடை போய்விடும். இதை எல்லாம் கிரைண்டரை நிறுத்திவிட்டு நின்று நிதானமாக யோசித்துத்தான் முடிவு செய்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் யோசித்திருப்பார்கள்.

கிரைண்டரை நிறுத்திய பிறகு அவன் தட்டினான். அதிகம் இல்லை, நாலைந்து முறைதான்.