பெரிய வகுப்பு யாருக்கு?

— செருப்பைக் கழட்டறதுக்கு இவ்வளவு நேரமா? பெத்தவங்க கூட்டத்துல என்ன முடிவாச்சு, சொல்லுங்க.

— தண்ணி குடிச்சுக்கறேன்மா.

— குடிச்சுக்கிட்டே சொல்லுங்க. பெரிய வகுப்பு இங்கிலீஷ் இனிமே எனக்கா, புதுசா வந்த அந்த வெள்ளைக்காரத் தொரைக்கா?

— அவரைத் தொரைன்னு சொல்லாத. நல்ல மனுஷனாத்தான் தெரியுது. பிரின்சிபால் பக்கத்துல உக்காந்து எல்லாரையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தாரு.

— பக்கத்துலயா? டீச்சர் யாரும் வரவேண்டாம்னு என்னை வீட்டுல உக்கார வச்சுட்டு, அவனுக்கு மட்டும் நாற்காலியா? பத்திக்கிட்டு வருதுங்க எனக்கு!

— அதுக்குத்தான் தண்ணி குடிச்சுட்டு மெதுவா சொல்லலாம்னு பாத்தேன்.

— நான் பட்டம் வாங்கி, பயிற்சி எடுத்து, தொண்டை கிழியக் கத்தி அந்த வகுப்பை நிமித்தினவ. அவன் அவங்க ஊர்ல நீச்சல் குளத்துக்குக் காவல் நின்னவன். பிள்ளைங்க ‘இது ஏன் சார் இப்படி வருது’ன்னு கேட்டா, ‘எங்க வீட்டுல அப்படித்தான் பேசுவோம்’ங்கறான். இதெல்லாம் ஒரு பாடமா?

— பெத்தவங்களுக்கு அதுதான் வேணுமாம். பிள்ளைங்க அவர் மாதிரியே பேசணுமாம்.

— பேசத்தான் பேசுதுங்க! நேத்து சாப்பிடறப்ப நம்ம பொண்ணு என் உச்சரிப்பைத் திருத்தறா. அவளுக்கு ஏபிசிடி சொல்லிக்குடுத்ததே இந்த வாய்தான். பிரின்சிபாலை எடுத்துக்குங்க, அவனைக் கண்டாலே குரல் மூக்கு வழியா வருது.

— ஆமா, இன்னிக்கும் மூக்குதான்.

— சிரிச்சு மழுப்பாதீங்க. ஓட்டு வச்சாங்களா?

— கை தூக்கச் சொன்னாங்க. முதல்ல அவருக்கு. ஹாலே தூக்கிடுச்சும்மா.

— எல்லாருமா? பிள்ளைக்கு மார்க் வந்தப்ப என் கையைப் பிடிச்சு அழுதவங்க கூடவா?

— அவங்கதான் முன்வரிசை.

— சரி. நீங்க?

— நம்ம பொண்ணும் அந்த வகுப்புலதானே படிக்குது. அவ எதிர்காலம்னு ஒண்ணு இருக்குல்ல...

— தூக்கிட்டீங்க.

— அரைக்கைதான். அக்கம்பக்கத்துல எல்லாரும் பாக்கறாங்களேன்னு.

— அரைக்கை! என் கையால சாப்பிட்டுட்டுப் போய், அவனுக்கு அரைக்கை! எனக்குன்னு ஹால்ல ஒரு கைகூடவா எழும்பல?

— எழும்புச்சு. ஒரே ஒரு கை. ‘எனக்குப் பேசத்தான் தெரியும், சொல்லிக்குடுக்கத் தெரிஞ்சவங்க அவங்கதான்’னு எந்திரிச்சு நின்னு சொல்லிச்சு.

— யாருங்க அந்த மகராசி? நாளைக்கே போய்க் கும்பிட்டுட்டு வரேன்.

— மகராசி இல்லம்மா. உன் தொரைதான்.