மஞ்சள் தடவிய துயரோலையைப் பொறுத்த பெருந்தகைக்கு

சரத்காலம் தளர்நடையிட்டுக் கழிகின்றது. தேவியின் திருவுருவை நீரில் விடுத்து மீண்ட வங்கத்தார் வாசல்களில் பறைமுழக்கம் அடங்கிற்று. வெண்ணாணற் பூக்கள் உதிர்ந்த கல்கத்தா கார்டன் ரீச் கரையோரம் பாகீரதியின்மேல் பனிப்படலம் மெல்லப் படிகின்றது. அன்னையை அனுப்பி வெறுமையுற்ற ஊரில், தங்களையும் அனுப்பிவைக்கக் கூடியுள்ளோம்.

கல்வியிற் கனிந்தவரே! கடமையிற் கலங்காதவரே! காலனையும் கடிந்துரையாத கருணைக் கடலே! தலைமை எழுத்தர் பிரம்மஸ்ரீ வெங்கடசுப்ரமணிய ஐயரவர்களே!

சென்னைத் துறையில் நீராவிக் கப்பலேறி இந்நகர் அடைந்து, இக்கப்பல் கம்பெனியில் இருபத்தாறு ஆண்டுகள் அருந்தொண்டு ஆற்றினீர்கள். உரிய உயர்வு மும்முறை பிறரிடம் சென்றது. கண்ணிற் படலம் படர்ந்தது. எதற்கும் தாங்கள் முகம் சுளித்ததை நாங்கள் கண்டதில்லை. ஆயினும் அந்நன்மனம் தங்களுக்கு எளிதில் வாய்த்ததன்று என்பதை நாங்கள் அறிந்த நாள் ஒன்றுண்டு.

ஏழாண்டுகளுக்கு முன் புரட்டாசியில், தங்கள் இல்லத்தரசியார் ஜகதாம்பாள் அம்மையார் பேதி நோயால் இறைவனடி எய்தினார். தந்தி கண்டால் தாயுள்ளம் தாங்காதென்று, தீட்டிலிருந்த தாங்கள் மாயவரத்து மாமியார் மீனாக்ஷி அம்மாளுக்குக் கைப்படக் கடிதம் வரைந்தீர்கள். துயரோலைக்குரிய கருமை தீட்டவும் மனம் வராமல், வெறும் உறையிலிட்டு ஆபீஸ் தபாலுக்கு அனுப்பினீர்கள்.

அன்று ஆபீசில் சரஸ்வதி பூஜை. பேரேடுகளுக்கும் பேனாக்களுக்கும் மஞ்சள் குங்குமமிட்ட இளைய எழுத்தர் சுந்தரேசன், தபால் தட்டிலிருந்த உறைகளையும் முகவரி பாராமல் எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சேர்ப்பித்துவிட்டார். மங்கலச் செய்தியென்றே நம்பினார் அம்மூதாட்டி. தாங்கள் வேண்டியிருந்த சென்னை மாற்றல் கிடைத்தது, மகள் வருகிறாள் என்று தெருவெங்கும் சர்க்கரை வழங்கினார். பிறகே கடிதம் படிக்கத் தெரிந்தவர் வந்தார்.

அவ்வீட்டாரின் கடுமொழிக் கடிதம் வந்த நாளில், செய்ததை உணர்ந்த சுந்தரேசன் தங்கள் காலடியில் விழுந்து கதறினார். அன்று தாங்கள் சொன்ன சொல்லை மெருகேற்றாமல் இங்கே வைக்கின்றோம்.

“எழுந்திரும் ஓய்! படிக்கிறவா வர்ற வரைக்கும் அரை நாழிகை, பொண்ணு வரப்போறான்னு இருந்திருக்கா. அந்த அரை நாழிகைய நான் நெனச்சாலும் குடுத்திருக்க முடியாது. போய் மூஞ்சிய அலம்பிண்டு வாரும். வங்காளி பாபு யாராவது பாத்தா, நான் உம்மை அடிச்சுட்டேன்னு நெனச்சுக்கப் போறார்.”

சுந்தரேசன் முகம் கழுவி மீண்டபோது, தாங்கள் ஒரு கோப்பைப் பிரித்து வைத்திருந்தீர்கள். மாலை மணியடிக்கும்வரை அதன் முதல் தாள் புரளவில்லை. நல்லதை நோக்கி நெஞ்சைத் திருப்புவது எத்துணைக் கடிய உழைப்பென்பதை, அசையாத அத்தாளைப் பார்த்து அவர் கற்றார். அவர்வழி நாங்களும் கற்றோம்.

அன்றுமுதல் மாதந்தோறும் மாயவரத்துக்கு எழுதி வருகின்றீர்கள். ஏழாண்டுகளில் ஒரு வரி மறுமொழியில்லை. இத்திங்கள், மகளற்ற அம்மூதாட்டிக்குத் துணையிருக்கப் புறப்படுகின்றேன் என்றீர்கள். “கதவைத் திறக்காவிட்டால்?” என்று சுந்தரேசன் கேட்டார். “ஒரு லெட்டராவது திரும்பி வந்துதா ஓய்? எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கறாளே!” என்று சிரித்தீர்கள். எங்களால் சிரிக்க இயலவில்லை.

ஐய! அக்கதவு திறக்குமோ, அறியோம். தாங்கள் நீங்கிய நாற்காலியை நோக்கி நாளை எவ்வாறு அமர்வோம் என்பதும் அறியோம். துன்பம் வருங்கால் தங்களைப்போல் தாங்குவோம் என்று உறுதி கூறவும் துணிவில்லை. முயல்வோம் என்று மட்டும் கூறுகின்றோம்.

இன்று வைகறையில் சுந்தரேசன் தனியே படித்துறைக்குச் சென்று, முழுகியெழுந்து, அம்பிகையின் திருநாமத்தை நூற்றெட்டு முறை ஓதி, செப்புச் சொம்பில் கங்கை நீர் முகந்து வாய்மூடி முத்திரையிட்டுக் கொணர்ந்துள்ளார். தம் பெயரை அதில் எழுதவில்லை. மீனாக்ஷி அம்மாளின் பூஜையில் அது சேர வேண்டுமென்பதே அவர் விண்ணப்பம்.

அம்மையப்பன் அருளால் அவ்வில்லத்தில் தங்களுக்கு நிழலும், உடலுக்கு நலமும், உள்ளத்துக்கு அமைதியும், நூறாண்டு நிறைவாழ்வும் பெருகுக!

இங்ஙனம்,
தங்கள் பிரிவாற்றாத
ஆபீஸ் தமிழ் எழுத்தர்கள்

கல்கத்தா, கார்டன் ரீச்
சாதாரண வருஷம், ஐப்பசி 15